திருவையாற்றுக்குப் போகிறவர்களுக்கு, கையெழுத்துப் போடும் முன்

முதலில் பயணத்தைப் பற்றி, பிறகு ஊரில் நீட்டப்படும் சொத்துப் பத்திரங்களில் கையெழுத்துப் போடுவதைப் பற்றி. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இருக்காது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டிக் கடைசியில் காவிரிப் பாலம் வரும். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், திருச்சி விமான நிலையத்தில் ஏறி வீட்டு வாசலில் இறங்கும் ஏசி காரில் அவர்களைத் தூங்க விடாதீர்கள். தஞ்சாவூரில் எழுப்பிவிடுங்கள். அந்த ஐந்து பாலங்களையும் அவர்கள் முழித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

எந்த மாதம் போவது என்பதை விமான டிக்கெட் விலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்து இது முன்னே பின்னே ஆகும். ஏப்ரல், மே மாதத்தில் போய்ப் படித்துறையில் நின்றால் எதிரே வெறும் மணல்தான். அதைப் பார்த்துவிட்டு ஊரே செத்துப்போய்விட்டதாகப் புலம்பிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. ஆறு செத்துவிடவில்லை, அது தண்ணீர் விடாத மாதம், அவ்வளவுதான். ஆடியில் போங்கள். பதினெட்டாம் பெருக்கும் ஆடி அமாவாசையும் அந்த மாதத்தில்தான். ஆடி அமாவாசையன்று ஐயாறப்பர் கோயிலில் அப்பருக்குக் கயிலைக் காட்சி நடக்கும். புஷ்ய மண்டபப் படித்துறையில் அன்று திதி கொடுக்க வரும் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. பெரியவர்களோடு போனால் விடியும் முன் போய்விடுவது நல்லது.

படித்துறையில் குளியுங்கள். படித்துறை இல்லாத இடத்தில், பார்க்க எவ்வளவு அமைதியாக இருந்தாலும், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாது. நாம் சின்ன வயதில் நீந்திய ஆற்றின் அடித்தரை இப்போது அப்படியே இல்லை.

தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், பெரும்பாலும் ஜனவரியில் வரும். அந்த நாட்களில் ஊருக்குள் அறை கிடைப்பது கஷ்டம். தஞ்சாவூரில் தங்கிக்கொண்டு விடியற்காலையில் வந்துவிடுங்கள். பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கான பேர் ஒரே குரலாகப் பாடுவதை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். இன்று நாம் பார்க்கும் சமாதிக் கோயிலைத் தன் சொந்தப் பணத்தில் கட்டி எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லாத காலத்தில், பாட இடம் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கியவரும் அவர்தான். பெண் குழந்தைகளைக் கூட்டிப் போனால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இறந்து முதல் திதிக்குத்தான் நான் போனேன். ஊரில் சொத்து இருக்கிற, அப்பா அம்மா காலமாகிவிட்ட எவருக்கும் இது நடக்கக்கூடியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா சொந்தமாக வாங்கிய நஞ்சை நிலம் பக்கத்திலுள்ள வேறொரு தாலுகாவில் இருக்கிறது. உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டார். அண்ணனும் நானும் மட்டும்தான் வாரிசு. நான் போவதற்கு முன்பே அண்ணன் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். அதை வைத்து அப்பா பெயரில் இருக்கும் பட்டாவை எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற வேண்டும். இ-சேவை மையத்தில் மனு பதிந்து, அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் வரை போகும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

வாரிசுச் சான்றிதழில் என் பெயர் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி, அப்பாவின் இனிஷியலோடு இருந்தது. கனடா பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயராகக் கணவர் பெயர். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையிலும் அதே. அப்பாவின் இனிஷியல் எங்கும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒரே ஆள்தான்னு யாரும்மா சொல்றது?" என்றார். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் நின்றார். ஓசிஐ அட்டையைப் புரட்டிவிட்டு, இது விசாவா, அடையாள அட்டையா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அப்புறம் ஆதார் கேட்டார்.

ஆதார் பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடு வாழ் இந்தியர் ஊருக்கு வந்ததும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம், காத்திருக்க வேண்டியதில்லை. குடியுரிமை மாறிய ஓசிஐக்காரர்கள் விண்ணப்பிக்கும் முன் கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு வரும் எவராலும் அது முடியாது. இதை அந்த அலுவலகத்தில் நான் விளக்கினேன். விளக்கியதை வேறொருவரிடம் மறுபடி விளக்கச் சொன்னார்கள். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மதியத்துக்கு மேல் சர்வர் வேலை செய்யவில்லை. மறுநாள் அவர் களப்பணிக்குப் போய்விட்டார். மரத்தடியில் என்னோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, செத்துப்போன மகனின் நிலத்துக்காக மாசக்கணக்கில் நடப்பதாகச் சொன்னார். எனக்குத் திரும்பிப் போக ஒரு டிக்கெட் இருந்தது, கோபப்படவும் தெம்பு இருந்தது. அவருக்கு இரண்டும் இல்லை. அந்த அலுவலகத்தின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அந்தப் பாட்டிக்காகத்தான்.

யார் எதிர்பார்த்தார்கள், எனக்குத் தேவைப்பட்டது ரத்தான பழைய இந்தியப் பாஸ்போர்ட். அந்தப் பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், கணவன் அல்லது மனைவி பெயர் மூன்றும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். பழைய நம்மையும் புதிய நம்மையும் சேர்த்துக் காட்டும் அரசு ஆவணம் வேறு அதிகம் இல்லை. குடியுரிமை மாறி அதைத் திருப்பி ஒப்படைக்கும்போது முத்திரையிட்டு நம்மிடமே தருவார்கள். தூக்கிப் போடாதீர்கள். ஊருக்குப் போகும்போது அசலாகக் கையில் வைத்திருங்கள். என்னுடையது கனடாவில் அலமாரியில் இருந்தது. வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது, படம் செல்லாது என்றார்கள். கடைசியில் பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழி எல்லாம் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் மனு நகர்ந்தது. இவற்றை எல்லாம் புறப்படும் முன்பே ஒரு கவரில் போட்டுவிடுங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் சர்வே எண் தெரிந்தால் இணையத்தில் பார்க்கலாம். மனு எங்கே கொடுத்தாலும் ரசீது எண் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

அலுவலகத்தைவிடக் கடினமானது வீட்டுக் கூடத்தில் காத்திருந்தது. கூட்டுப் பட்டா கைக்கு வந்த அன்று இரவு அண்ணன் சொன்னார்: "பாப்பா, நாளைக்குப் பதிவுக்கு டோக்கன் போட்டாச்சு. ஒரு கையெழுத்துதான்." என் பாகத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாங்கல்லாம் எங்க அண்ணன்கிட்ட பங்கா கேட்டோம்?" என்றார்.

நிலம் அண்ணனுக்குத்தான் போக வேண்டும் என்பதில் எனக்கு வேறு எண்ணம் இல்லை. அதில் சேற்றில் இறங்கியவர் அவர். அப்பாவைக் கடைசிக் காலத்தில் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டியவர்கள் அண்ணனும் அண்ணியும். நான் அதையெல்லாம் போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நினைப்பு வெளிநாட்டில் இருக்கிற எல்லாருக்கும் உள்ளே இருக்கும். ஊரில் கேட்கப்படும் கையெழுத்துகளில் பாதி அந்த நினைப்பின் பேரில்தான் விழுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: குற்ற உணர்ச்சியில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்க விரும்பினால், என்ன கொடுக்கிறோம் என்று படித்துப் பார்த்து, மனதாரக் கொடுங்கள்.

வரைவைக் கேட்டேன். பத்திர எழுத்தர் எழுதிய நாலு பக்கம். சொத்து விவரத்தில் நிலத்தின் சர்வே எண்களுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "மற்றும் எங்கள் தகப்பனார் பெயரிலுள்ள இதர சகல சொத்துகளிலும் இனி எனக்கு எவ்வித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை." இதர சகல சொத்து என்றால் திருவையாற்று வீடுதான், வேறு எதுவும் இல்லை. அம்மா காவிரியில் துணி அலசிவிட்டு ஈரப்பாவாடையோடு ஏறி வரும் கொல்லைப்புறம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. அந்த வரியை அண்ணன் எழுதச் சொன்னாரா, எழுத்தரே வழக்கமாகப் போடுவாரா, நான் கேட்கவில்லை. அதை எடுத்தால்தான் கையெழுத்து என்றேன். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் டோக்கன் வீணாயிற்று.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, தெரிந்துகொண்டு போங்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே. பூர்விகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல், அப்போது திருமணமாகாத மகள்களுக்குச் சம உரிமை தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் திருமணமான மகள்களுக்கும் சேர்த்து அதைத் தந்தது. அந்த 2005 திருத்தத்தின்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஓசிஐக்காரர் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம். "நீ வெளிநாட்டுப் பிரஜை, உன் பேர்ல நிலம் இருக்கவே முடியாது" என்று யாராவது சொன்னால் அது தவறு. பதிவான விடுதலைப் பத்திரத்தை மனம் மாறினால் திரும்பப் பெற முடியாது, நீதிமன்றம்தான் போக வேண்டும். நம் அத்தைமார்கள் கேட்காமல் விட்டார்கள் என்பது உண்மை. அதில் எத்தனை பேர் பிறகு அண்ணன் வீட்டு வாசலில் கையேந்தி நின்றார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

இறங்கிய முதல் வாரத்தில் பதிவு அலுவலகத்துக்குப் போகவே போகாதீர்கள். தூக்கம் கெட்டு, அழுது, சொந்தங்கள் சூழ இருக்கும் நேரம் அது. எழுத்தரின் வரைவை இரண்டு நாள் கையில் வைத்துப் படியுங்கள், சொந்தக்காரர் அல்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். யாரும் "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், அண்ணன்மேல் நம்பிக்கை இருக்கிறது, எழுத்தர்மேல் இல்லை என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். அண்ணி மட்டும், "அது நியாயந்தானே" என்றார், சமையலறையிலிருந்தே.

திதி நல்லபடியாக நடந்தது. அண்ணன்தான் படித்துறையில் உட்கார்ந்து செய்தார். கிளம்பும் அன்று அவரே பஸ் நிறுத்தம் வரை வந்து, பிள்ளைகளுக்கு என்று அசோகா அல்வா ஒரு கிலோ வாங்கிக் கொடுத்தார். பாசிப்பருப்பில் கிண்டியது, நெய் விட்டிருந்தால் சில நாள் தாங்கும். வேறு எதைத் தூக்கி வராவிட்டாலும் அதைத் தூக்கி வாருங்கள்.

வேலை முடியாமல் திரும்ப வேண்டி வந்தால் பதற வேண்டாம். இங்கிருந்தே பவர் பத்திரம் கொடுக்கலாம். எந்த ஒரு செயலுக்கு, எந்த சர்வே எண்ணுக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள், பொதுப் பவர் வேண்டாம். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் சிக்கல். நான் நிலத்துக்கு மட்டும் அப்படி ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். வீட்டைப் பற்றி அடுத்த ஆடியில் அண்ணனோடு நேரில் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறது.