பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ட்ரியர் போய்வருவது எப்படி? முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

ஜெர்மனிக்குப் படிக்க வந்து முதல் செமஸ்டர் முடிந்ததும் எல்லாருக்கும் ஓர் ஆசை வரும், கும்பலாக எங்கேயாவது போகணும் என்று. உடனே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கும், பாரிஸ், ப்ராக், ஆம்ஸ்டர்டாம் என்று செய்தியாக ஓடும், அப்புறம் விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு "எனக்கு அசைன்மென்ட் இருக்கு" என்று நழுவுவார்கள். அந்தக் குழுவில் "சரி, நான் பாத்துக்கிறேன்" என்று வாய்விட்டு மாட்டிக்கொண்ட ஆள் நீங்கள் என்றால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

என் யோசனை ட்ரியர். லக்ஸம்பர்க் எல்லையை ஒட்டி, மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ரோமானியர்கள் கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கி, நான்காம் நூற்றாண்டில் பேரரசர்களே வந்து தங்கி ஆட்சி செய்த இடம். 1986-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முக்கியமான இடங்கள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன, மாணவர் பையில் இருக்கும் பணத்துக்குக் கட்டுப்படியாகும். நான் கைசர்ஸ்லாட்டர்னில் இருந்து இரண்டு முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். முதல் முறை சொதப்பல், இரண்டாவது முறை நன்றாக அமைந்தது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: தலையை எண்ணுங்கள், காசை முதலில் வாங்குங்கள்

"வர்றேன்" என்று சொல்பவர்கள் இருபது பேர் என்றால், வருபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். குழுவில் வாக்கெடுப்பு போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு தேதியைச் சொல்லி, தங்குமிடத்துக்கான பங்கை இந்த நாளுக்குள் அனுப்பியவர்கள்தான் வருகிறார்கள் என்று அறிவித்துவிடுங்கள். கொஞ்சம் கறாராகத் தெரியும், பரவாயில்லை.

தேதியை ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் வையுங்கள். குளிர்காலத்தில் ரோமானிய இடங்களை மாலை நான்கு மணி வாக்கிலேயே மூடிவிடுவார்கள், அதற்கு அரை மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் விடுமுறை. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சுற்றிவிட்டு ஞாயிறு லக்ஸம்பர்க் போய்த் திரும்புவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

படி 2: ரயில் டிக்கெட்

பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்துவிடுகிறது. அது இருப்பவர்களுக்குக் கூடுதல் செலவே இல்லை, நாடு முழுக்க ரீஜனல் ரயிலிலும் பேருந்திலும் போகலாம். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயிலில் மட்டும் செல்லாது. ட்ரியருக்குப் போக அது தேவையும் இல்லை. தனியாக வாங்கினால் மாதம் 63 யூரோ (2023-ல் 49 யூரோவில் தொடங்கியது, ஏறிக்கொண்டே போகிறது). அது சந்தா முறை என்பதால், ஒரு பயணத்துக்காக வாங்கிவிட்டு ரத்து செய்ய மறந்தால் அடுத்த மாதமும் வங்கிக் கணக்கில் இருந்து பணம் போய்விடும்.

டிக்கெட் இல்லாதவர்கள் நாலைந்து பேர் இருந்தால் ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ் டிக்கெட் என்ற ஒருநாள் குழு டிக்கெட் எடுங்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், ஆள் கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறுகளில் அந்தத் தடை இல்லை. டிக்கெட்டில் பெயர் எழுத வேண்டும், மறக்காதீர்கள்.

கைசர்ஸ்லாட்டர்னில் இருந்து ஆர்இ 1 ரயில் சார்ப்ரூக்கன் வழியாக நேரே ட்ரியர் போகும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆனால் அது ட்ரியரோடு நிற்காது, கோப்லென்ஸ் வரை போகும். எங்கள் முதல் பயணத்தில் இரண்டு பேர் அடுத்த பெட்டியில் தூங்கிவிட்டார்கள். நாங்கள் நிலையத்தில் இறங்கி எண்ணினால் ஆள் குறைகிறது, போன் அடித்தால் எடுக்கவில்லை. விட்லிஷ் வரை போய், எதிர் ரயில் பிடித்து அவர்கள் வந்து சேரும்போது மதியம் ஆகப்போகிறது. அதிலிருந்து எல்லாரும் ஒரே பெட்டி என்பது சட்டம். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருவர் எழுந்து தலைகளை எண்ண வேண்டும்.

படி 3: தங்குமிடம்

மோசல் கரையிலேயே அரசு சாராத யூத் ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. நாலு பேர், ஆறு பேர் அறைகள், காலைச் சாப்பாடு சேர்த்தே விலை. உறுப்பினர் அட்டை கேட்பார்கள், அதை முன்பதிவின்போதே விசாரித்து எடுத்துவிடுங்கள். ஒருநாளில் போய்த் திரும்பவும் முடியும், ஆனால் பத்துப் பேரை வைத்துக்கொண்டு அது ஓட்டப்பந்தயம்.

படி 4: ஆளுக்கு ஓர் இடம்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முதல் முறை நாங்கள் எதையும் படிக்காமல் போனோம். கைசர்தெர்மனில், அதாவது பேரரசர் குளியல் கட்டடத்தின் இடிபாட்டில், நண்பன் ஒருவன் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டேய், இதெல்லாம் இடிஞ்ச செங்கல்தானே, ஊர்ல செங்கச்சூளைக்கே போயிருக்கலாம்." எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை, செல்ஃபிதான். அவனைக் குறை சொல்ல முடியாது. இடிபாடு என்பது கதை தெரியாதவனுக்கு வெறும் செங்கல்தான்.

இரண்டாவது முறை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஒருவருக்கு ஓர் இடம். அந்த இடத்துக்குப் போனதும் அவர்தான் வழிகாட்டி, ஐந்து நிமிடம் பேச வேண்டும், காகிதத்தைப் பார்த்து வாசிக்கக்கூடாது. பேச்சில் கட்டாயம் மூன்று விஷயம் வர வேண்டும்: எதற்குக் கட்டினார்கள், எப்படிக் கெட்டது, எப்படிப் பிழைத்தது. மூன்றாவது கேள்விதான் சுவாரஸ்யம். ஏனென்றால் ட்ரியரில் தப்பிப் பிழைத்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு விசித்திரமான காரணம் இருக்கிறது.

செங்கச்சூளை நண்பனுக்குச் சீட்டில் வந்தது அதே கைசர்தெர்மன். பழிவாங்கல் மாதிரி அமைந்துவிட்டது.

படி 5: பையில் என்ன

கல் பாவிய தெருக்களில் நாள் முழுக்க நடக்க வேண்டும், நடந்து பழகிய ஷூ போதும், புது ஷூ ஆகாது. மழைக்கு மேலங்கி. பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, மாணவர் அட்டை. மாணவர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறையும், ஆனால் அட்டையைக் காட்டினால்தான். கழிப்பறைக்கும் லாக்கருக்கும் ஒன்றிரண்டு யூரோ நாணயங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 6: நடக்கும் வரிசை

ரயில் நிலையத்தில் இருந்து பத்து நிமிடம் நடந்தால் போர்ட்டா நிக்ரா, கருப்பு வாசல். கி.பி. 170 வாக்கில் கட்டத் தொடங்கிய நகர வாயில். சாம்பல் நிற மணற்கல் காலப்போக்கில் கறுத்துப்போனதால் பிற்காலத்தில் வந்த பெயர் இது. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கி, இரும்புக் கவ்விகளால் இணைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். சுவரில் ஆங்காங்கே ஓட்டைகள் தெரியும். இடைக்காலத்தில் அந்த இரும்புக்காகத் தோண்டியவர்களின் வேலை அது. இன்னும் உற்றுப் பார்த்தால் சில தூண்கள் செதுக்கி முடிக்காமலே நிற்பதும் தெரியும்.

இது பிழைத்த கதை அருமை. 11-ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற கிரேக்கத் துறவி இந்தக் கோபுரத்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு தவம் இருந்தார், 1035-ல் இறந்தார். அவர் நினைவாக வாயிலையே தேவாலயமாக மாற்றிவிட்டார்கள், அதனால் இடிக்கவில்லை. பிறகு பிரெஞ்சு ஆட்சியின்போது 1804-ல் இங்கே வந்த நெப்போலியன், தேவாலயத்தை எடுத்துவிட்டுப் பழைய ரோமானிய வாயிலாகவே ஆக்கச் சொன்னார். கிழக்குப் பக்கம் தேவாலயத்தின் வளைந்த மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், காட்டிக்கொடுங்கள்.

இங்கேயே ஆன்டிகன்கார்ட் என்ற கூட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தோடு இரண்டு இடங்கள் சேர்ந்தது ஒன்று, நான்கு இடங்கள் சேர்ந்தது ஒன்று. முதல்முறை வருபவர்களுக்கு இரண்டு இடச் சீட்டு போதும் என்பேன். நான்கையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடினால் கடைசி இடத்தில் எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து சிமியோன் தெரு வழியாகச் சந்தைச் சதுக்கம். அங்கே சிவப்பு வீடு ஒன்றில் லத்தீனில் எழுதியிருக்கும்: ரோமுக்கு 1300 ஆண்டுகள் முன்பே ட்ரியர் இருந்தது. சுத்தக் கட்டுக்கதை. பழம்பெருமை பேசுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன்! பக்கத்திலேயே பேராலயம், உள்ளே போய்ப் பாருங்கள், வாசலில் கிடக்கும் பெரிய கிரானைட் தூண் துண்டில் குழந்தைகள் சறுக்கி விளையாடி வழுவழுப்பாகிவிட்டது.

அடுத்தது கான்ஸ்டன்டைன் பசிலிக்கா. உள்ளே நுழைவது இலவசம். சுமார் 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கி.பி. 310 வாக்கில் பேரரசரின் அரியணை மண்டபமாகக் கட்டியது, இப்போது புராட்டஸ்டன்ட் தேவாலயம். அரியணை இருந்த வளைவுப் பகுதியின் ஜன்னல்களைக் கவனியுங்கள், மற்ற ஜன்னல்களைவிடச் சிறியவை. வாசலில் இருந்து பார்ப்பவனுக்கு மண்டபம் இன்னும் நீளமாகத் தெரிய வேண்டும் என்று செய்த கண்கட்டு. தரைக்கும் சுவருக்கும் உள்ளே சூடான காற்று ஓட வழிவைத்திருந்தார்கள். என் ஹாஸ்டல் அறை ஹீட்டரை நினைத்துக்கொண்டேன்.

அரண்மனைத் தோட்டத்தைக் கடந்தால் ரைனிஷஸ் லாண்டெஸ்மூசியம், நான் சொன்ன அருங்காட்சியகம் இதுதான். நேரம் குறைவாக இருந்தால் தங்கக் காசு அறைக்கு மட்டுமாவது போங்கள். 1993-ல் ஒரு கட்டுமானத்துக்குத் தோண்டும்போது கிடைத்த புதையல், 2500-க்கும் மேற்பட்ட ரோமானியத் தங்கக் காசுகள், எடை சுமார் பதினெட்டரை கிலோ. 2019-ல் திருடர்கள் புகுந்து கண்ணாடிப் பெட்டியை உடைக்கப் பார்த்து முடியாமல் ஓடியிருக்கிறார்கள். இருப்பதிலேயே பழைய காசுகள் பேரரசன் நீரோ காலத்தவை. ரோமானியப் பேரரசர்களின் காசுகள் கரூர், கோயம்புத்தூர்ப் பக்கமும் கிடைத்திருக்கின்றன, மிளகு வாங்கவந்த காசு. எங்கள் குழுவில் இருந்த கரூர்க்காரர் அந்தக் கண்ணாடியைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

அப்புறம் கைசர்தெர்மன். நண்பன் பேசினான்: நான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரம்மாண்டமான குளியலகமாகக் கட்ட ஆரம்பித்தார்கள், அரசியல் மாறியது, வேலை நின்றது, கடைசிவரை ஒருவர்கூட இங்கே குளித்ததில்லை. "இந்த ஊர்ல கட்டுமானம் முடியாம நிக்கிறது அப்பவே ஆரம்பிச்சிருச்சு" என்று முடித்தான். பேச்சு முடிந்ததும் கீழே இருக்கும் சுரங்கப் பாதைகளில் எல்லாரையும் அவனே கூட்டிக்கொண்டு போனான். வேலையாட்கள் மேலே இருப்பவர்கள் கண்ணில் படாமல் நடமாடுவதற்காக அமைத்த வழிகள். உள்ளே வழி தவறுவது எளிது, மறுபடி ஒரு தலை எண்ணிக்கை.

தெம்பு இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஏறி ஆம்பிதியேட்டர். மலைச்சரிவையே பாதி இருக்கையாக்கிய அரங்கம், சுமார் 18,000 பேர் உட்காரலாம். களத்துக்கு அடியில் நிலவறை இருக்கிறது, மிருகங்களும் ஆட்களும் காத்திருந்த இடம். மேலே ஒருவர் பேச, எதிர்ச்சரிவில் நிற்பவருக்குக் கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

கடைசியாக ஆற்றங்கரைக்கு இறங்கி ரோமானியப் பாலம். பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், மேலே காரும் பேருந்தும் ஓடும் சாதாரணப் பாலம். கீழே போய்த் தூண்களைப் பாருங்கள். கருங்கல் தூண்கள் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, வளைவுகள் பிற்காலத்தவை. உங்கள் பேருந்தின் பாரத்தை இன்றைக்கும் தாங்கிக்கொண்டிருப்பது ரோமானியன் வைத்த கல். மாலை வெயில் சாயும் நேரத்துக்கு இங்கே வந்து சேருங்கள், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிடலாம்.

கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடும் இந்த ஊரில்தான், 1818. ஆர்வமுள்ளவர்கள் பிரிந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், எல்லாரையும் இழுக்காதீர்கள்.

படி 7: சாப்பாடு

மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ கட்டிக்கொண்டு போனால் ஆளுக்குப் பத்துப் பதினைந்து யூரோ மிச்சம். அரண்மனைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, குப்பையைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பலாம். இரவுக்கு உள்ளூர் உணவு என்றால் ஃப்லீட்டன், பொரித்த கோழி இறக்கை. சைவக்காரர்களுக்கு வழக்கம்போல ஃபலாஃபல் கடைதான் கதி. பத்துப் பேர் என்றால் உணவகத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், பில்லைத் தனித்தனியாகக் கேட்டால் கொடுப்பார்கள். மற்றச் செலவுகளை அன்றிரவே கணக்குப் பார்த்து முடியுங்கள். ஒரு வாரம் விட்டால் யார் எதற்குக் கொடுத்தார்கள் என்பது ரோமானிய வரலாற்றைவிடக் குழப்பமாகிவிடும்.

படி 8: மறுநாள் லக்ஸம்பர்க்

ட்ரியரில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 2020-ல் இருந்து லக்ஸம்பர்க்கில் இரண்டாம் வகுப்பு ரயிலும் பேருந்தும் எல்லாருக்கும் இலவசம். எல்லைவரை டாய்ச்லாண்ட் டிக்கெட், அதற்கு அப்பால் காசே வேண்டாம். வேறு நாடு என்பதை மட்டும் மறக்காதீர்கள். 2024 செப்டம்பரில் இருந்து ஜெர்மனி தன் எல்லைகளில் திடீர்ச் சோதனை நடத்துகிறது, திரும்பும்போது ரயிலுக்குள் போலீஸ் ஏறலாம். எங்களுக்கு அப்படித்தான் ஏறினார்கள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பையின் அடியில் இருந்த புளிச்சாத டப்பாவை எல்லாம் வெளியே எடுத்து வைத்துப் பாஸ்போர்ட்டைத் தேடினோம். நீங்கள் மேல் ஜிப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.