வேவர் மனுவுக்கு முன் ஊருக்குக் கிளம்பாதீர்கள்

அமெரிக்காவில் அனுமதி முடிந்தும் தங்கிவிட்டவருக்கு, குடும்ப விசா நேர்காணலுக்காக ஊருக்குக் கிளம்பும் நாள்தான் ஆபத்தான நாள். அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் இருந்து வெளியேறினால் 3 ஆண்டு, ஓராண்டோ அதற்கு மேலோ இருந்து வெளியேறினால் 10 ஆண்டு திரும்பி வரத் தடை. இந்தத் தடையிலிருந்து கேட்டுப் பெறும் விலக்குதான் வேவர். உள்ளே இருக்கும்வரை இந்தத் தடை தூங்கும். விமானம் ஏறியதும் விழித்துக்கொள்ளும். "முதலில் ஊருக்குப் போவோம், வேவரை அங்கிருந்து போட்டுக்கொள்ளலாம்" என்று கிளம்புவது அதனால்தான் பெருந்தவறு.

நாள் கணக்கிலேயே பலர் வழுக்குகிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள விசாத் தேதியைப் பார்க்கக் கூடாது. ஐ-94, அதாவது எதுவரை தங்கலாம் என்று நுழையும்போது பதிவாகும் ஆவணத்தின் தேதிதான் கணக்கு. ஐ-94 2025 ஜனவரி 10-இல் முடிந்தவர் ஜூலை முதல் வாரத்துக்குள் கிளம்பியிருந்தால் தடையே இல்லை. ஆகஸ்டில் கிளம்பினால் 3 ஆண்டு, 2026 பிப்ரவரியில் கிளம்பினால் 10 ஆண்டு. 18 வயது நிறையும்வரை தங்கிய நாட்கள் இதில் சேராது.

அடுத்த குழப்பம், வேவர் கேட்கும் இரண்டு படிவங்களில். ஐ-601ஏ அமெரிக்காவுக்குள் இருந்தபடி, கிளம்பும் முன்பே போடுவது. 2013 மார்ச்சில் வந்த வழி. ஐ-601 என்பது நேர்காணலில் தூதரக அதிகாரி தகுதியில்லை என்று சொன்ன பிறகு, வெளியில் காத்திருந்து போடுவது. ஐ-601ஏ நிலுவையில் இருக்கும்போது அப்பா உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனால் மனு போயிற்று. மனசு கேட்காதுதான், ஆனால் தடை அந்தப் பயணத்திலேயே தொடங்கிவிடும். மனு போட்டதாலேயே வேலை அனுமதியோ சட்டப்பூர்வ அந்தஸ்தோ கிடைத்துவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐ-601ஏ போடுவதற்கு முன் இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும்: ஐ-130 (உறவினர் உங்களுக்காகப் போடும் குடும்ப மனு) ஒப்புதல், விசாக் கட்டணம். மனு திரும்பி வருவதற்குத் தவறான கட்டண ரசீது ஒரு காரணம். தூதரகத்துக்குப் போகும் முன் விசா வழக்கைக் கையாளும் நேஷனல் விசா சென்டரில் 120 டாலர், 325 டாலர் என இரு கட்டணம் உண்டு. 120 டாலர், பொருளாதார ஆதரவுப் பத்திரத்தைப் பரிசீலிக்க. மனுவோடு வைக்க வேண்டியது 325 டாலர் விசாக் கட்டண ரசீது. கட்டிய அன்றே எடுத்த, இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் காட்டும் பக்கத்தை அனுப்பாமல், பணம் சேர்ந்ததாகக் காட்டும்வரை பொறுத்து அச்செடுங்கள்.

ஐ-601ஏ போடப் போவதை நேஷனல் விசா சென்டருக்கும் தெரிவியுங்கள். தெரிவித்தால் முடிவு வரும்வரை நேர்காணல் தேதி ஒதுக்காமல் வைத்திருப்பார்கள். முடிவு வர ஆண்டுக் கணக்கில் ஆகலாம். அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் அவர்களோடு தொடர்பே இல்லாமல் இருந்துவிடாதீர்கள், விசா வழக்கே மூடப்படலாம். மருத்துவப் பரிசோதனையையும் முன்கூட்டியே செய்ய வேண்டாம். பெரும்பாலும் 6 மாதமே செல்லும்.

வேவர் கிடைக்கக் காட்ட வேண்டிய கடுந்துன்பம் யாருக்கு என்பதையும் சரியாகப் பிடியுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, அப்பா, அம்மா இவர்களில் ஒருவருக்கு வரும் துன்பத்தைத்தான் சட்டம் பார்க்கும். பிள்ளைகளின் துன்பம் நேரடியாகச் சேராது. அது அந்தக் கணவனையோ மனைவியையோ எப்படி அழுத்துகிறது என்று காட்ட வேண்டும்.

ஒப்புதல் கையில் வந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். ஐ-601ஏ, அனுமதியின்றித் தங்கியதை மட்டுமே மன்னிக்கும். பழைய விசா மனுவில் சொன்ன பொய்யோ வேறு தடையோ நேர்காணலில் வெளிப்பட்டால் ஒப்புதல் தானாகவே ரத்தாகிவிடும்; பிறகு வெளியிலிருந்து ஐ-601 போட வேண்டியதுதான். மொத்தம் ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்து வெளியேறி, பின்பு எல்லை தாண்டி ரகசியமாக உள்ளே வந்தவருக்கு இந்த வழி கிடையாது. அவர் 10 ஆண்டு வெளியே இருந்த பிறகே மறு அனுமதி கேட்கலாம். இப்படிச் சந்தேகம் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் வழக்கறிஞரிடம் பழைய கோப்புகளைக் காட்டியே தீர வேண்டும்.

வேவரே தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். முறையாக விசாவில் நுழைந்து, அனுமதி தாண்டித் தங்கி, அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர், வேறு தடை இல்லையென்றால், உள்ளே இருந்தபடியே ஐ-485 போட்டு கிரீன் கார்டு பெறலாம். அவர் நேர்காணலுக்கென்று ஊருக்குப் போனால், இல்லாத சிக்கலைத் தானே வாங்கிக்கொள்கிறார்.