நாலடிப் பலகையில் ஒரு ஷண்டிங் யார்டு: மாடல் ரயில் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

வீட்டில் மாடல் ரயில் என்றதும் எல்லாரும் வட்டப்பாதையைத்தான் நினைக்கிறார்கள். ஹெச்ஓ அளவில், அதாவது 1:87-ல், செட்டோடு வழக்கமாக வரும் 18 அங்குல ஆர வளைவை வைத்து ஒரு வட்டம் போட்டாலே நாலடிக்கு நாலடி பலகை வேண்டும். ஃப்ளாட்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? போட்டாலும் ரயில் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம், அப்புறம் நமக்கு வேலை இருக்காது. அதனால் முதல் லேஅவுட்டாக நான் சிபாரிசு செய்வது இங்கிள்நூக். இங்கிலாந்தின் ஆலன் ரைட் வடிவமைத்த யார்டு புதிர் இது: என்ஜினால் வேகன்களை இழுத்தும் தள்ளியும் (இதுதான் ஷண்டிங்) சொன்ன வரிசையில் நிறுத்த வேண்டும். இரண்டு பாயின்ட்ஸ் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன்கள் நிற்கும் கிளைப்பாதை), ஒரு என்ஜின், எட்டு வேகன், அவ்வளவுதான். புத்தக அலமாரித் தட்டில் அடங்கிவிடும்.

முதலில் அளவு. ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்க வேண்டும், மற்ற இரண்டில் மும்மூன்று. என்ஜின் முன்னும் பின்னும் போக ஹெட்ஷண்ட் என்ற முனைப்பாதையில் என்ஜினும் மூன்று வேகனும் நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள், புதிரே இதில்தான் இருக்கிறது. வாங்கிய வேகன்களைக் கோர்த்து வைத்து ஸ்கேலால் அளந்த பிறகு பலகையை வெட்டுங்கள். கப்ளிங்கோடு (வேகன்களைக் கோர்க்கும் கொக்கி) 9 செ.மீ. வரும் குட்டி நாலு சக்கர வேகன் என்றால் நாலடியில் தாராளமாக முடியும். 15 செ.மீ. வரும் அமெரிக்க 40 அடி பாக்ஸ்கார் என்றால் ஐந்தரை அடி ஆகும்.

பலகைக்கு 12 மி.மீ. ப்ளைவுட், கீழே ரீப்பர் சட்டம். எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம், சென்னைக் காற்றின் ஈரத்தில் உப்பிவிடும். தண்டவாளம் நிக்கல் சில்வரில் வாங்குங்கள், இரும்பு துருப்பிடிக்கும். மேலே 3 மி.மீ. கார்க், அதன்மேல் தண்டவாளம். இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள், வெயில் காலத்தில் தண்டவாளம் நெளியாது.

(ஹெச்ஓ பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 16.5 மி.மீ. 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜை 87-ஆல் வகுத்தால் வருவது. நம்முடைய 1676 மி.மீ. பிராட்கேஜுக்கு 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். அதனால் இந்திய என்ஜின் மாடல்களை இந்தப் பாதையில் ஓடுவதற்காகச் செய்யும்போது சக்கரங்கள் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். எனக்கு அது உறுத்தவில்லை.)

இனி ஃப்ராக். இந்த இடத்தில் அவசரப்படாமல் படியுங்கள். தண்டவாளத்தில் ஒயர் பற்றவைப்பதெல்லாம் பத்து நிமிட வேலை, என்னை உண்மையாகத் தடுத்து நிறுத்தியது இதுதான். என்ஜின் வேகமாகப் போனால் எல்லாம் சரியாக இருக்கும், ஷண்டிங்குக்காக மெதுவாகப் போனால் பாயின்ட்ஸ் மேல் வந்ததும் நின்றுவிடும், விரலால் தள்ளினால்தான் நகரும்.

பாயின்ட்ஸில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கே சந்திக்கும் வி வடிவ மூலைதான் ஃப்ராக். வலப்பக்கம் பிரியும் பாயின்ட்ஸில் நேராகப் போகும்போது அதற்கு வலது தண்டவாளத்தின் கரண்ட் வேண்டும், பிரிந்து போகும்போது இடது தண்டவாளத்தின் கரண்ட் வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று பெக்கோ நிறுவனத்தின் இன்சுல்ஃப்ராக் வகையில் அந்த மூலையை பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள். நீளமான என்ஜின் அதைத் தாண்டிவிடும். நாலு சக்கர ஷண்டிங் என்ஜினின் ஒரு அச்சு பிளாஸ்டிக் மேல் நிற்கும்போது மற்ற அச்சில் துளி அழுக்கு இருந்தாலும் போதும், கரண்ட் போய்விடும்.

எனவே அவர்களுடைய எலக்ட்ரோஃப்ராக் வகையை வாங்குங்கள். அதில் ஃப்ராக் முழுக்க உலோகம், நகரும் இரண்டு பிளேடுகளும் அதனுடன் இணைந்திருக்கும். எந்தப் பிளேடு ஓரத் தண்டவாளத்தைத் தொடுகிறதோ அந்தத் தண்டவாளத்தின் கரண்ட் ஃப்ராக்குக்கு வரும். தொடும் இடத்தில் தூசி படிந்தால் வராது. அதை நம்பியிருக்காமல் ஃப்ராக்குக்குத் தனி ஒயர் கொடுத்துவிடலாம்.

மூன்று கால் ஸ்லைடு சுவிட்ச் ஒன்று வாங்குங்கள், ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நடுக்காலை ஃப்ராக்குக்கும் ஓரக்கால்களை இரண்டு ஓரத் தண்டவாளங்களுக்கும் இணையுங்கள். சுவிட்சின் குமிழிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் கம்பியை பாயின்ட்ஸின் அசையும் கட்டைக்குக் கொண்டுபோங்கள், கம்பி நடுவே சின்னதாக ஒரு வளைவு இருந்தால் அதிகப்படியான நகர்வை அது வாங்கிக்கொள்ளும். குமிழைத் தள்ளினால் பாயின்ட்ஸும் மாறும், ஃப்ராக்கின் கரண்டும் மாறும். முதல் லேஅவுட்டுக்கு மோட்டாரெல்லாம் தேவையில்லை, கையால் தள்ளுவதே நன்றாக இருக்கிறது.

ஃப்ராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஷார்ட் ஆகும். பிறகு ஹெட்ஷண்டுக்கு ஒன்று, இரண்டாவது பாயின்ட்ஸின் நுழைவுக்கு ஒன்று, ஒவ்வொரு சைடிங்குக்கும் ஒன்று என ஐந்து ஜோடி ஒயர்கள். உங்கள் பக்கமுள்ள தண்டவாளங்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பு, பின்பக்கத்துக்குக் கறுப்பு. இங்கே வளைந்து திரும்பி வரும் பாதை கிடையாது என்பதால் இந்த ஒரே விதி கடைசிவரை போதும்.

கண்ட்ரோலரை இணைப்பதற்கு முன், தண்டவாள ஒயர்களைப் பற்றவைப்பதற்கும் முன், பாயின்ட்ஸை மட்டும் மல்டிமீட்டரில் சோதியுங்கள். பிளேடு தொடும் ஓரத் தண்டவாளத்துக்கும் ஃப்ராக்குக்கும் இடையே பீப் வர வேண்டும், எதிர்ப்பக்கத் தண்டவாளத்தோடு வரக்கூடாது. இரண்டோடும் வந்தால் சுவிட்சின் ஓரக்கால் ஒயர்களை இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

ஜல்லிக்கு ஃபெவிகாலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊற்றலாம். பிளேடு பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. தண்டவாளத்தைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணி. உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில்தான் அழுக்கு சேரும்.

இப்போது ஆட்டம். எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதுங்கள். நீள சைடிங்கில் ஐந்து, ஒரு குட்டி சைடிங்கில் மூன்று வேகன்களை நிறுத்துங்கள். குலுக்கி ஐந்து சீட்டு எடுங்கள். வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகன்களும் நீள சைடிங்கில் நிற்க வேண்டும், என்ஜினால் மட்டும்தான் நகர்த்தலாம். வரிசைகள் மொத்தம் 6720. வேகன்களைக் கழற்றுவதற்கு கேடீ நிறுவனத்தின் கப்ளிங்கும் கூர் சீவிய மூங்கில் குச்சியும் போதும், குச்சியை இரண்டு கப்ளிங்குக்கும் நடுவே விட்டு லேசாகத் திருகினால் விட்டுவிடும். காந்தத்தால் கழற்றுவதெல்லாம் பிறகு பார்க்கலாம். என்ஜின் மெல்ல வந்து வேகனைத் தொட்டு, கப்ளிங் கிளிக்கென்று விழும் அந்தச் சத்தத்துக்காகவே நான் தினமும் ஒரு ஆட்டம் ஆடுகிறேன்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டதால் சொல்கிறேன். சாதாரண டிசி கண்ட்ரோலரில் எல்லா சைடிங்குக்கும் கரண்ட் இருப்பதால் இரண்டாவது என்ஜினை நிறுத்தி வைத்தால் அதுவும் சேர்ந்து ஓடும். அந்த சைடிங்கின் சிவப்பு ஒயரில் ஒரு டாகிள் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெக்கோவில் இப்போது யூனிஃப்ராக் வகை வருகிறது. அதில் ஃப்ராக் ஏற்கெனவே தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் பிளாஸ்டிக் இணைப்பான் தேவையில்லை, அடியில் தொங்கும் ஒயரை அதே ஸ்லைடு சுவிட்சின் நடுக்காலில் பற்றவைத்தால் முடிந்தது.