மரம் கழிக்கும் குழுவில் தரைப் பணி: லாரி ஏற்றுவது முதல் களம் ஒதுக்குவது வரை

மரம் கழிக்கும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களில் பலர், உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி ரம்பம் பிடிப்பவரைப் பார்த்து ஆசைப்பட்டே வருகிறார்கள். அவர் பத்திரமாகக் கீழே இறங்குவது, தரையில் நிற்பவர்கள் தங்கள் வேலையை எவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கயிறு விடுவது, விழுந்த கிளையை இழுப்பது, கிளைகளைச் செதில்களாக நறுக்கும் சிப்பர் இயந்திரத்தில் கொடுப்பது, ரம்பத்தின் பற்களைத் தீட்டுவது, லாரியை நிறைப்பது என ஒரு நாளின் உழைப்பில் பெரும்பகுதி தரையில்தான் நடக்கிறது. ஆகவே ஏறக் கற்பதற்கு முன் தரைப் பணியை முழுமையாகக் கற்றுத் தேற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பணியை ஒரு நாள் வேலை நடக்கும் வரிசையிலேயே கீழே விளக்குகிறேன்.

படி 1: லாரியை ஏற்றுதல்

இந்தத் தொழிலில் ஓடும் வண்டி பெரும்பாலும் உயர்ந்த பக்கச் சுவர்கள் கொண்ட டிப்பர் லாரி. அதன் பின்னால் சிப்பர் இயந்திரம் இழுத்துச் செல்லப்படும். ஓட்டுநர் அறைக்கும் பெட்டிக்கும் இடையில் கருவிகளுக்கான பூட்டறை இருக்கும். கடைசியில் தேவைப்படுவதை முதலில் உள்ளே வையுங்கள். போய்ச் சேர்ந்தவுடன் தேவைப்படும் எச்சரிக்கைக் கூம்புகள், தலைக்கவசங்கள், முதலுதவிப் பெட்டி ஆகியவை கதவைத் திறந்ததும் கைக்கு எட்ட வேண்டும். மேலே சிக்கிக்கொண்டவரை இறக்குவதற்கான மீட்புக் கயிறும், உடலில் மாட்டும் பட்டைகளாலான சேணமும் தனிப் பையில், வேறெந்தப் பொருளுக்கும் அடியில் போகாமல் இருக்க வேண்டும்.

பெட்ரோலையும் எண்ணெயையும் கயிறுகளோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது. ஏறுவதற்கான கயிறும், வெட்டிய துண்டுகளை இறக்கும் கயிறும் வெவ்வேறு பைகளில் இருக்க வேண்டும். பாரம் தாங்கித் தாங்கி உள்ளுக்குள் நைந்துபோன இறக்கு கயிற்றில் ஒரு மனிதர் தொங்க நேரக் கூடாது என்பதே காரணம். புறப்படும் முன் சிப்பரின் இழுவைக் கொக்கி பூட்டப்பட்டிருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலி மாட்டப்பட்டிருக்கிறதா, பின்விளக்குகள் எரிகின்றனவா, முன்புறத் துணைச்சக்கரம் உயர்த்தப்பட்டிருக்கிறதா என ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள்.

படி 2: ரம்பத்தைத் தயார் செய்தல்

பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பங்களில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வழக்கமான அளவு 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய். ஆனாலும் உங்கள் ரம்பத்தின் கையேடு சொல்வதே இறுதி. எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் சங்கிலி எண்ணெயையும் சேர்த்தே நிரப்புங்கள். சங்கிலி, தான் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டியும், கையுறை அணிந்த கையால் இழுத்தால் தடையின்றி ஓடியும் வர வேண்டும். வேலையின் சூட்டில் சங்கிலி நீளும், ஆறியதும் சுருங்கும். எனவே சூட்டில் இறுக்கியிருந்தால் மாலையில் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும்.

தீட்டுவதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ரம்பம் பொடிப்பொடியான தூளைத் துப்பினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். கூரான பல் சிறு செதில்களாகத் தள்ளும். உருண்டை அரத்தின் விட்டம் சங்கிலியின் வகைக்குப் பொருந்த வேண்டும்: ஏறுபவர்களின் சிறிய ரம்பங்களில் பரவலாக உள்ள தாழ்ந்த வகை 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர், பெரிய ரம்பங்களின் 3/8 அங்குலச் சங்கிலிக்கு 5.2 மில்லிமீட்டர். தகட்டை இறுகப் பிடித்து நிறுத்தி, பல்லின் மேல்தட்டில் பொறிக்கப்பட்ட கோணத்தில் அரத்தை உள்ளிருந்து வெளிநோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பக்கப் பற்களை எல்லாம் முடித்த பிறகு மறுபக்கத்திற்கு வாருங்கள், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். பின்னர் வெட்டும்போது ரம்பம் ஒரு பக்கமாக வளைந்து ஓடினால், இரு பக்கப் பற்களும் சமமாக இல்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

சங்கிலித் தடையைச் சோதிக்காமல் எந்த ரம்பத்தையும் களத்தில் பயன்படுத்தக் கூடாது. தகட்டு முனையின் மேல்பாதி மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் சங்கிலியை நிறுத்துவதற்காக இருப்பதுதான் அந்தத் தடை. ரம்பம் பிடிப்பவர் அணியும் பாதுகாப்புக் கால்சட்டைக்குள் நீண்ட இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டவுடன் அவை வெளியே இழுக்கப்பட்டு, சங்கிலியை ஓட்டும் சக்கரத்தைச் சுற்றி அதை நிறுத்திவிடும். ஆகவே ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்து மீண்டும் அணியக் கூடாது.

படி 3: களத்தைப் பார்த்தல்

வந்து சேர்ந்ததும் ரம்பத்தை எடுக்காதீர்கள். முதலில் மரத்தைச் சுற்றி வாருங்கள். மேலே காய்ந்த கிளைகள் தொங்குகின்றனவா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, தண்டில் பிளவு ஓடுகிறதா, குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் அது புதியவர்களின் வேலையே அல்ல. அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள், மின் வழங்கும் நிறுவனத்தோடு பேசி இணைப்பைத் துண்டித்த பின்னரே நெருங்க வேண்டும். கிளை கம்பியைத் தொடாவிட்டாலும் மின்சாரம் பாயக்கூடும்.

பிறகு கிளைகள் விழும் பகுதியைக் கூம்புகளால் வளைத்துவிடுங்கள். முழு மரத்தையும் சாய்ப்பதாக இருந்தால் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவுக்குள், அந்த வேலையில் ஈடுபடாதவர் எவரும் இருக்கக் கூடாது. விபத்து நேர்ந்தால் யார் தொலைபேசுவது, யார் ஏறி இறக்குவது, இடத்தின் சரியான முகவரி என்ன என்பதை எல்லோரும் கூடி நின்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். மேலிருப்பவர் குரல் கொடுத்து, கீழிருப்பவர் பதில் குரல் கொடுத்த பிறகே வெட்டு விழ வேண்டும். அதேபோல் மேலிருந்து அனுமதி வராமல் கீழே ஒருவரும் உள்ளே நுழையக் கூடாது.

படி 4: கயிறு விடுதல்

பெரிய துண்டுகளை இறக்கும் கயிறு மேலே ஒரு கப்பியின் வழியாக வந்து, தண்டின் அடியில் கட்டிய உராய்வு உருளையில் சில சுற்றுகள் சுற்றி உங்கள் கைக்கு வரும். அதை ஒருபோதும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். கீழே குவிந்து கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைத்தும் நிற்காதீர்கள். துண்டு வெட்டுப்பட்டு விழும்போது உடனே இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றே மனம் சொல்லும். ஆனால் திடீரென நிறுத்தப்படும் துண்டு தன் எடையைப் போல் பல மடங்கு விசையைக் கயிற்றிலும் கப்பியிலும் ஏற்றி, மேலிருப்பவரையும் சேர்த்து மரத்தை உலுக்கிவிடும். சற்று ஓடவிட்டு, படிப்படியாக வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே சரி. இதைச் சிறிய துண்டுகளில் பலமுறை பழகிய பிறகே பெரியவற்றுக்குப் போக வேண்டும்.

படி 5: சிப்பரில் கொடுத்தல்

ஏறியவரின் கயிறு தழைக்குள் புதைந்து, அந்தத் தழையோடு சேர்ந்து சிப்பருக்குள் போய்விடக் கூடாது. இந்த விபத்து உயிரைப் பறித்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கிளையையும் இழுக்கும் முன் அதில் கயிறு சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே இழுங்கள். இந்த ஒரு பழக்கத்தை எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

தொளதொளத்த சட்டை, அகன்ற மணிக்கட்டுப் பட்டை உள்ள கையுறை, கழுத்துத் துண்டு எதுவும் கூடாது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும். தொடங்கும் முன் நிறுத்தும் கம்பியைத் தட்டி, கிளையை உள்ளே இழுக்கும் உருளைகள் நிற்கின்றனவா என்று சோதியுங்கள். கிளையின் வெட்டுப்பட்ட தடித்த முனையை முதலில் கொடுத்து, வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, உருளை பிடித்ததும் விட்டுவிட்டு விலகிச் செல்லுங்கள். குட்டைத் துண்டுகளைக் கையால் தள்ளாமல் நீண்ட கிளை ஒன்றால் தள்ளுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் கத்திச் சக்கரம் வெகுநேரம் சுழலும். அது முழுமையாக நிற்கும்வரை எந்த மூடியையும் திறக்கக் கூடாது.

படி 6: முதல் வெட்டு

தரையில் நின்றபடி எட்டும் கிளை ஒன்றில், கைரம்பத்தால் இதைப் பழகுங்கள். தண்டிலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் தள்ளி, கிளையின் அடியிலிருந்து மேல்நோக்கி அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்குவரை அறுங்கள். அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக அறுத்துக் கிளையை விழச் செய்யுங்கள். அடிவெட்டு இருப்பதால் பட்டை தண்டுவரை உரிந்து போகாது. தண்டில் எஞ்சிய குட்டைத் துண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் வீங்கித் தெரியும் வளையத்திற்கு வெளியே, அந்த வளையம் துளியும் சேதமாகாமல் மூன்றாவதாக அறுத்தெடுங்கள்.

அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தை நம் தோலைப் போல் ஆற்றுவதில்லை, அழுகலைச் சுற்றித் தடுப்புகள் எழுப்பி அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது என்று காட்டினார். அந்தத் தடுப்பு உருவாகும் இடம் அந்த வளையம்தான். தண்டோடு தண்டாக மழிப்பது பார்வைக்கு நேர்த்தியாகத் தோன்றினாலும் மரத்தின் காப்பை அது அறுத்துவிடுகிறது. வெட்டுவாயில் தார் பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை.

படி 7: நிறைத்தல், இறக்குதல், ஒதுக்குதல்

பச்சை மரத்தின் எடையைப் புதியவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 40 சென்டிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டே நூறு கிலோவைத் தாண்டக்கூடும். மொத்தம் 3.5 டன்னுக்கு அனுமதி பெற்ற லாரியில் வண்டியின் சொந்த எடை, கருவிகள், எரிபொருள், ஆட்கள் எல்லாம் போக, பல நேரங்களில் ஒரு டன்னையொட்டிய பாரத்திற்கே இடம் மிஞ்சும். எனவே பெட்டி பாதி காலியாகத் தெரியும்போதே வண்டி தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். தடித்த துண்டுகளைத் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் அடுக்கி, செதில்கள் பறக்காமல் வலையால் மூடுங்கள். கொட்டும் இடத்தில் தரை சமமாக இருக்கிறதா, மேலே கம்பி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை உயர்த்துங்கள். முட்டுக் கொடுக்காமல் உயர்ந்த பெட்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஈரச் செதில் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறும் என்பதால் அன்றன்றே கொட்டிவிடுவது நல்லது.

கடைசியாக, கயிறுகள் முழுவதையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டுத் தடவிப் பாருங்கள். வெட்டோ, உருகிய இடமோ, திடீரென மெலிந்த பகுதியோ தட்டுப்பட்டால் அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள். முழுதாக ஒதுக்கி வைத்தால் மறுநாள் யாராவது எடுத்துவிடுவார்கள். நனைந்தவற்றை நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, பழுதானவற்றையும் தீர்ந்துபோனவற்றையும் குறிப்பேட்டில் எழுதிய பிறகு பூட்டறையைப் பூட்டுங்கள்.