பழைய கணினியில் இணையம் மெதுவானால் எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால், சேவை நிறுவனத்தை அழைத்துக் கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறிவிடுவது பலரின் வழக்கம். கணினி பத்து ஆண்டு பழையதாக இருக்கும்போது அந்தச் செலவு பெரும்பாலும் வீணாகிறது. வந்து சேரும் வேகத்தை வாங்கிக்கொள்ளும் திறன் கணினியிலேயே இல்லாமல் இருக்கலாம். ஆகவே கோளாறு ஃபைபர் லைனிலா, வைஃபையிலா, கணினிக்குள்ளேயா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும்.

கணினி இருக்கும் அதே மேசையில் ஓரளவு புதிய கைபேசி ஒன்றை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் வேகச் சோதனை செய்யுங்கள். பிறகு அதே சோதனையைக் கணினியில் செய்யுங்கள். இரண்டிலும் வேகம் குறைவென்றால் ரவுட்டரை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கி, ரவுட்டருக்கு அருகிலேயே மறுபடி சோதித்துப் பார்க்கலாம். கைபேசியில் மட்டும் வேகம் நன்றாக இருந்தால் கணினியைத்தான் ஆராய வேண்டும். திட்டங்களின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. பதிவிறக்கத்தின்போது திரையில் தெரிவதோ பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட் என்பது 8 பிட் என்பதால், 100 மெகாபிட் திட்டத்தில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் அது ஏறத்தாழ முழு வேகமே.

பழைய மடிக்கணினிகள் பலவற்றின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். அவற்றுள் 802.11என் என்னும் பழைய வைஃபை வகையைச் சேர்ந்த, ஒற்றை ஆன்டெனா கொண்ட கருவி, வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதிகபட்சம் 72 மெகாபிட் வேகத்தில் இணையும். கையில் கிடைப்பது அதில் பாதியளவே இருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீடுகளின் வைஃபையும் இதே அலைவரிசையில் நெருக்கியடிப்பதால் அதுவும் குறையும். ரவுட்டரின் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு பலன் உண்டு. ஃபைபர் கேபிள் நுழைந்த முன்னறைச் சுவரிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவது நிறுவுபவர்களின் வழக்கம் என்பதால், கான்கிரீட் சுவர்களைத் தாண்டிய உள்ளறையில் சிக்னல் நலிந்தே கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான வழி, ரவுட்டரையும் கணினியையும் நேரடியாக இணைக்கும் லேன் கேபிள். பழைய கணினியின் லேன் போர்ட் 100 மெகாபிட் வகையாக இருந்தால் சோதனையில் 94, 95 மெகாபிட் காட்டும். அதற்கு மேல் எந்தத் திட்டம் வாங்கினாலும் அந்தப் போர்ட்டில் ஏறாது. போர்ட் கிகாபிட் வகையாக இருந்தும் இதே எண்ணில் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்: கிகாபிட் வேகத்துக்கு உள்ளிருக்கும் 8 கம்பிகளும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். கேபிள் இழுக்க வழியில்லாத வீட்டில், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏற்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைப் பொருத்தலாம்.

வேகச் சோதனையில் எண்கள் சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்கத் தயங்கினால், விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்தழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் சும்மா இருக்க, டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் குற்றம் இணையத்தின் மேல் இல்லை. 4 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) நிரம்பியதும் கணினி ஹார்ட் டிஸ்கைத் துணை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்குகிறது. அதுவோ மிக மெதுவானது. ரேமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்துவதே இதற்குச் சரியான மருந்து, புதிய திட்டத்தைவிடப் பயனுள்ள செலவும் அதுவே. யூடியூப் மட்டும் திக்கித் திணறி, சிபியு (மையச் செயலி) 100 விழுக்காட்டைத் தொட்டால், விபி9, ஏவி1 போன்ற புதிய காணொளி வடிவங்களைப் பழைய கிராஃபிக்ஸ் சிப் தானாகக் கையாள இயலாமல் சிபியுவின் தலையில் சுமத்துகிறது என்று கருதலாம். காணொளியின் தரத்தை 480-க்குக் குறைத்ததும் திணறல் நீங்கினால், காரணம் இதுவே என்பது தெளிவாகும்.

விண்டோஸ் 7-இல் இயங்கும் குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பாதுகாப்பையும் கருதினால், இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பு நல்ல தேர்வு.

எந்த மாற்றத்தையும் ஒவ்வொன்றாகவே செய்து, அதே இடத்தில் மறுபடி சோதித்து, எண்ணைக் குறித்து வையுங்கள். வேறொரு புதிய கணினியை லேன் கேபிள் வழியே ரவுட்டரில் நேரடியாக இணைத்தும் வேகம் குறைவாகவே இருந்தால், தேதி, நேரம், அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சேவை நிறுவனத்திடம் புகார் பதியலாம்.