ஒற்றைக்குழல் துவக்கும் ஒரே ஒரு தோட்டாவும்

டெக்சாஸில் இருக்கும் மச்சானின் மகன் போன கிழமை ஒரு படம் அனுப்பினான். ஏ.ஆர்-15 ரைபிள், அதன் மேல் இருட்டில் உடம்புச் சூட்டைக் காட்டும் தொலைநோக்கி. பன்றிக் கூட்டம் வந்தால் விசையை அழுத்த அழுத்த அடுத்த ரவை தானாக ஏறுமாம். "மாமா, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தான். இங்கே பயிர்க்காவலுக்குக் கமக்காரனின் கையில் இருப்பது 12 போர் ஷொட் கண். என்னுடையது நடுவில் மடித்துத் திறக்கிற ஒற்றைக்குழல். ஒரு வெடி தவறினால், மறு தோட்டாவைப் போட்டு நிமிர்வதற்குள் பன்றி பற்றைக்குள் போய்விடும். அந்த ஒரு வெடிக்காகத்தான் இவ்வளவு ஆயத்தமும்.

எங்கள் வயல் இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள தம்பலகாமத்தில் காட்டோரம். கதிர் பால் பிடிக்கும் நாளில்தான் பன்றி இறங்கும். மூன்றரை மாத நெல் என்றால் விதைத்து 80 நாள் கடந்ததும் காவலுக்கு ஆள் வேண்டும். துவக்கை அதற்கு இரண்டு கிழமை முன்பே கையில் எடுங்கள்.

முதலில் தோட்டா இல்லை என்று பார்த்து, குழலைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரு வருடம் நான் பார்த்தபோது வெளிச்சம் வரவில்லை. மூன்று மாதம் சுவரில் தொங்கிய குழலுக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது. தட்டியபோது காய்ந்த மண்ணோடு இரண்டு செத்த புழுவும் விழுந்தன. அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்து என் இடது கை போயிருக்கும். இப்போது குழல் வாயில் துணி சுற்றி வைக்கிறேன். காவலுக்குப் போகும் ஒவ்வொரு மாலையும் அதைக் கழற்றிவிட்டு ஒரு தரம் உள்ளே பார்ப்பேன்.

குடாவில் இருந்து வரும் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. தையல் மெஷின் எண்ணெய் போதும், மெல்லிதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசினாகிப் பொறியைப் பிடித்துக்கொள்ளும்.

தோட்டாவையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஈரம் குடித்தது வீங்கியிருக்கும். குழலில் விட்டால் தன் பாட்டில் வழுக்கி விழ வேண்டும். அழுத்தித் தள்ள வேண்டியதை ஒதுக்கி வையுங்கள். பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டாதான் சரி, அதற்குள் பெரிய சன்னம், அதாவது உருண்டைக் குண்டு, ஒன்பது இருக்கும். சிறு சன்னம் தோலைக் கீறும், கொல்லாது. காயப்பட்ட பன்றி நாலு நாள் புழுத்துச் சாகும். அந்தப் பாவத்தை நான் ஒரு முறை செய்திருக்கிறேன். 50 எட்டு எடுத்து வைக்கிற தூரத்தில் சுட்டேன், அது கத்திக்கொண்டு ஓடிவிட்டது. அடுத்த நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் சீமெந்துப் பையில் சுட்டுப் பார்க்கத் தொடங்கினேன். பையை விரித்து, சோற்றுப் பீங்கானைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். பன்றியின் நெஞ்சு ஏறக்குறைய அவ்வளவுதான். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். பக்கத்து வயல்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சண்டையைக் கண்ட ஊர், வெடிச்சத்தம் கேட்டால் நெஞ்சு பதறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் துவக்கில் ஒரு தோட்டாவின் ஒன்பது சன்னத்தில் 20 எட்டுத் தூரத்தில் ஏழு வட்டத்துக்குள் விழுந்தது. 30-இல் ஐந்து. 40-இல் இரண்டே இரண்டு. உங்கள் துவக்கின் கணக்கு வேறாக இருக்கும், நீங்களே எண்ணுங்கள். என் எல்லை 25. பரணில் இருந்து 25 எட்டுத் தூரத்தில் வரம்பில் சுண்ணாம்பு பூசிய கட்டை நட்டிருக்கிறேன். அதற்கு அப்பால் நிற்பது எவ்வளவு பெரிய தனியனானாலும் (தனித்துத் திரியும் ஆண் பன்றி) விசையில் விரல் போகாது.

வெளிச்சத்துக்கு ஒரு சின்ன எல்.ஈ.டி. டோர்ச். சைக்கிள் ரியூப்பைக் கீறிக் குழலுக்குக் கீழே இறுக்கக் கட்டினேன். பொழுது படும்போது அதே சீமெந்துப் பையைக் குறி பார்த்து, ஒளியின் நடு வட்டத்தில் விழும்வரை அசைத்துச் சரி செய்யுங்கள். கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டினால் நல்லது, பன்றிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் மணிக்கு மகளின் வெள்ளை கியூடெக்ஸ் ஒரு சொட்டு வைத்தேன். இருட்டில் அது தரும் உதவி கொஞ்சமல்ல.

பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு மகா கூர்மை. பெரும்போகத்தில் வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வருவதால் பன்றி வரும் தடத்துக்குத் தென்மேற்கே பரண் கட்டுங்கள். சிறுபோகத்தில் தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்றுக்கு அதை மறுபக்கம் மாற்ற வேண்டும். ஏறுமுன் சாம்பலைக் கிள்ளி உதிர்த்துப் பாருங்கள், இரவுக்காற்று திரும்பியிருக்கும். பத்தடி உயரம் இருந்தால் வெடி கீழ்நோக்கிச் சேற்றில் புதையும். மட்டமாகச் சுட்டால் எஸ்.ஜி. சன்னம் சில நூறு மீட்டர் தாண்டியும் ஆளைக் காயப்படுத்தும், பக்கத்து வயல் வாடியில் (காவல் குடிசையில்) ஒருவர் படுத்திருப்பார்.

பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் துவக்கு மடிந்து, வெறுமையாக இருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் சட்டைப்பையில் இருக்கட்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். மினுங்குகிற கண்ணை மட்டும் பார்த்துச் சுடாதீர்கள். மாடும் மினுங்கும், நாயும் மினுங்கும். முழு உடம்பும் தெரிந்து, பக்கவாட்டில் நின்றால் மட்டும் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். தனியனுக்குத் தோளில் தடித்த தோல்கவசம் உண்டு, அதில் சுடுவது வீண். ஆனை வந்தால் துவக்கைத் தொடவே வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களம் தரும் ஆனைவெடியைக் கொளுத்துங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலைச் சேற்றுப் பக்கம் பிடித்தபடி அறுபது வரை எண்ணுங்கள், பிந்தி வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

வெடி பட்டுப் பன்றி ஓடிவிட்டால் புதுத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு பரணிலேயே இருங்கள். இருட்டில் பற்றைக்குள் நுழைந்தால் காயப்பட்டது திரும்பிப் பாயும். விடிந்ததும் இன்னொரு ஆளோடு போய் இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, கிட்டத்தில்தான் விழுந்திருக்கும். கறுத்த இரத்தம் என்றால் ஈரல், இன்னும் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். பச்சையாகக் குடல் நாற்றம் அடித்தால் அது உயிரோடு எங்கோ படுத்திருக்கிறது. மெதுவாகப் போங்கள், துவக்கு வைத்திருப்பவர் முன்னால், மற்றவர் பின்னால்.