மழைக்கு முன்னாடி வெறகு வாங்கி வைக்கிறது எப்படி: மதுரைப் பக்கம் வெந்நீர் அடுப்பு வச்சிருக்கிறவங்களுக்கு

நம்ம ஊர்ல குளிருக்கு வீட்டுக்குள்ள நெருப்பு போடுற பழக்கம் கிடையாது, அம்புட்டு குளிரும் இல்ல. ஆனா ஐப்பசி மழை பிடிச்சதுலருந்து தை முடியிற வரைக்கும் காலையில வெந்நீர் இல்லாம வயசானவங்களுக்கும் பச்சப்புள்ளைக்கும் ஆகாது. கேஸுல அண்டாத் தண்ணி காய வச்சா சிலிண்டர் நிக்காது, கரண்ட்டு ஹீட்டர் மழைநாள்ல எப்ப கை விடும்னு தெரியாது. அதனாலதான் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கமெல்லாம் கொல்லையில ஒரு வெறகடுப்போ செம்பு பாய்லரோ இன்னும் இருக்கு.

எங்க வீட்டுல ஒரு வருசம் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்தா. கார்த்திகை மாசம், அடைமழை. கையில இருந்த வெறகு தீந்துபோச்சுன்னு அவசரத்துல ஒருத்தர்ட்ட சொல்லி ஒரு டன் கருவ வெறகு இறக்குனோம், நல்லா காய்ஞ்சதுன்னுதான் சொன்னாரு. மறுநாள் விடியக்காலம் அம்மா அடுப்புல வச்சா, கட்டையோட வெட்டு முனையில வெள்ளையா நுரை பொங்குது, உஸ்ஸுன்னு சத்தம், புகை கொல்லை முழுக்க. அம்மா ஊதாங்குழல வச்சு ஊதி ஊதிக் கண்ணு ரெண்டும் செவந்துபோச்சு, நொச்சி எல போட்ட தண்ணி கொதிக்கவே இல்ல, புள்ள உள்ள அழுகுது. அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான், வெறக மழைக்காலத்துல தேடி ஓடக்கூடாது, பங்குனியிலயே வாங்கிரணும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. பச்ச வெறகுல நூத்துக்கு நாப்பது பங்கு ஈரம்னு வைங்க, நீங்க காசு குடுத்து வாங்குற 1000 கிலோவுல மரம்னு பாத்தா 600 கிலோதான். அது நல்லா காய்ஞ்சு ஈரம் பதினஞ்சு பங்குக்கு எறங்குச்சுன்னா எடை 700 கிலோ சொச்சத்துல வந்து நிக்கும், மீதி 300 கிலோ வெறும் தண்ணிக்குக் குடுத்த காசு. அதோட முடியல, அந்த ஈரம் ஆவியாப் போகணுமே, ஒரு கிலோ தண்ணி ஆவியாக 540 கிலோகலோரி வேணும், அதே தண்ணிய கொதி வரைக்கும் கொண்டுபோறதுக்கு 70 சொச்சம் போதும். கிலோவுக்குக் கிலோ பாத்தா ஏழு மடங்கு சூட்ட கட்டையில இருக்கிற ஈரம் குடிச்சிருது, அண்டாவுக்கு வர்ற சூடு அந்த அளவுக்குக் கொறையும்.

வாங்கப் போறப்ப இதப் பாருங்க. வெட்டு முனையில நடுவுலருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கணும், பட்டை நகத்தால நெம்புனா கழண்டு வரணும். ரெண்டு கட்டைய எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, காய்ஞ்சது டங்குன்னு சொல்லும், ஈரம் தொப்புன்னு விழும். வண்டிக்கு மேல இருக்கிறத மட்டும் தட்டாம அடியிலருந்து ரெண்டு உருவித் தட்டிப் பாருங்க, ஏன்னா காய்ஞ்சது மேலயும் பச்ச அடியிலயும் வர்றது உண்டு. டன் கணக்குல வாங்குனா வெறும் வண்டி எடையும் லோடு வண்டி எடையும் ரெண்டு சீட்டும் எடைமேடையில வாங்கிக்கங்க. பச்சதான்னு சொல்லியே குறைஞ்ச வெலைக்குக் குடுத்தா தாராளமா வாங்கலாம், உங்களுக்கு வெயில் இருக்கே.

மரம்னு பாத்தா சீமக்கருவதான் நம்ம பக்கம் ராசா. தென்னமெரிக்கப் பக்கத்து மரம், இங்க கண்மாய் கரம்பைன்னு அம்புட்டும் புடிச்சுருச்சு, 2017-ல ஹைகோர்ட்டு மதுரைக் கிளை இந்த மரத்த வெட்டி அகத்தச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஊர் ஊரா ஜேசிபி நின்னது ஞாபகம் இருக்கும். நெலத்துக்கு அது ஆகாது, ஆனா அடுப்புக்கு அத அடிச்சுக்க ஆள் இல்ல, கனமான கட்டை, நின்னு எரியும், கங்கு ரொம்ப நேரம் கிடக்கும், ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறதும் இதுலதான். முள்ளுதான் சங்கடம், குத்துனா சீழ் வைக்கும், கைக்கு உறை போடாம தொடாதீங்க, ஆழமா ஏறுச்சுன்னா டிடி ஊசி போட்டுக்கங்க. புளிய வெறகும் நல்லா எரியும், ஆனா பொளக்குறதுக்குள்ள இடுப்பு போயிரும், கறிக்கடையில வெட்டுக்கட்டையா புளியத்தப் போடுறது அது பொளக்காதுங்கிறதாலதான், அறுவை மில்லுலயே துண்டு போட்டு வாங்கிருங்க. முருங்கை, ஒதியம் எல்லாம் தாளு மாதிரி, வந்த வேகத்துல போயிரும். தென்னமட்டை, பாளை, செரட்டை பத்த வைக்கிறதுக்கு அருமை. அரளிக் குச்சி மட்டும் எந்த அடுப்புலயும் வேணாம், புகையே விசம். பெயின்ட் அடிச்ச பழைய கதவு, பிளைவுட்டு துண்டு, அதுவும் ஆகாது.

சொந்த மரம்தானேன்னு பனைய வெட்டிராதீங்க, 2021-லருந்து கலெக்டர் அனுமதி வேணும். கண்மாய்க்குள்ள நிக்கிற மரம் ஏலம் எடுத்தவங்களுக்குச் சொந்தம், அழகர்மலை, சிறுமலை மாதிரி காட்டுப்பக்கம் வெட்டுனா கேஸு.

பொளக்குறது பச்சயா இருக்கையிலயே முடிச்சிருங்க, சீமக்கருவ காய்ஞ்சப்பறம் இரும்பு மாதிரி ஆயிரும். கீழ முழங்கால் ஒசரத்துக்கு ஒரு அடிக்கட்டையப் போட்டு அது மேல வெறக நிப்பாட்டுங்க, தரையில வச்சு வெட்டுனா கோடாலி கல்லுல பட்டு வாய் மழுங்கிரும். காலை அகட்டி வச்சு நில்லுங்க, காம்பு ஆடுதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. பெரிய கட்டைய நடுவுல அடிக்காம ஏற்கனவே இருக்கிற வெடிப்பு மேல, இல்ல ஓரத்துலருந்து சீவுன மாதிரி அடிச்சு வாங்க, கணு இருக்கிற பக்கம் கீழ இருக்கட்டும். மாட்டிக்கிச்சுன்னா ஆப்பு வச்சு சம்மட்டியால தட்டுங்க. மணிக்கட்டு கனம், ஒன்றரை அடி நீளம், அதான் பாய்லருக்கு அளவு.

அடுக்குறதுலதான் எல்லாம் இருக்கு. கீழ நாலு செங்கல், மேல ரெண்டு நீளக் கட்டை, தரைக்கும் வெறகுக்கும் அரையடி இடைவெளி, இல்லேன்னா ஒரே மாசத்துல கரையான் ஏறும். சுவத்த ஒட்டாம ஒரு சாண் தள்ளி, காத்து உள்ள போய் வர்ற மாதிரி, ஒரு வரிசை நீட்டுவாட்டம் ஒரு வரிசை குறுக்குவாட்டம். மேல் வரிசையில பட்டை வானத்தப் பாக்கட்டும். சித்திரை வைகாசி வெயிலுக்கு எதுவும் மூட வேணாம், அப்பறம் வர்ற ஆடிக்காத்து இருக்கே அது வெயில விட நல்லா ஈரத்த இழுக்கும், மணிக்கட்டு கனம் மூணு நாலு மாசத்துல தயார், தொடை கனம் கட்டை அந்த வருசத்துக்கு நம்ப வேணாம். ஆவணி கடைசியில தார்ப்பாய் எடுங்க, ஆனா மேல மட்டும் மூடுங்க, நாலு பக்கமும் தரை வரைக்கும் இழுத்துக் கட்டுனா உள்ள வேர்த்துப் பூஞ்சை புடிச்சுரும், எங்க வீட்டுல ஒரு அடுக்கு பூராவும் அப்படித்தான் வெள்ளையாப் போச்சு.

வெறகு அடுக்குல கட்டுவிரியனும் தேளும் குடியிருக்கும். இருட்டுல கைய விட்டு எடுக்கவே கூடாது, சாயங்காலமே மறுநாளுக்கு வேணுங்கிறத அடுப்புக்கிட்ட கொண்டாந்து வச்சிருங்க, எடுக்கும்போது மொதல்ல கம்பால தட்டுங்க. கடிச்சுருச்சுன்னா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, 108-க்கு அடிச்சு நேரா அரசு ஆஸ்பத்திரி.

பத்த வைக்கிறப்ப செரட்டை, பாளை, சுள்ளி, அப்பறம் ரெண்டு கட்டை, அவ்வளவுதான், அடுப்ப அடைச்சா காத்து போகாம புகையத்தான் செய்யும். அண்டாவுக்கு மூடி போட மறக்காதீங்க. தண்ணி காய்ஞ்சப்பறம் மிஞ்சின கங்க குளிருதேன்னு சட்டியில அள்ளி பிரசவ ரூமுக்குள்ள வச்சுக் கதவ சாத்துற பழக்கம் சில வீட்டுல இருக்கு, தயவுசெஞ்சு வேணாம், அதுலருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளக் கொன்னுரும். கங்க தண்ணி தெளிச்சு அணைச்சு காய வச்சா கரியா எடுத்து வைக்கலாம், அடுத்த நாள் பத்த வைக்க ஆகும். தையில மிஞ்சின வெறகு மேல புதுசப் போட்டு மூடிராம, பழச முன்வரிசைக்கு மாத்திட்டு புது லோட பின்னாடி இறக்கச் சொல்லுங்க.